நிமிர்ந்த ஜீப்பும் குனிந்த சட்டமும்

வயசானால் மனுஷனுக்கு முதுகு வளையும். ஜீப்புக்கு நேர்மாறு! வளைந்திருந்த ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்துவிடும். வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிடும். சிலமலைப் பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிற வண்டி வேறென்ன செய்யும், பாவம்!

மலிவு வைத்தியம் மூணு. பட்டையைக் காய்ச்சி மறுபடி வளைப்பது: பதம் தப்பினால் முறியும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது: முன் அச்சில் அந்தப் பேச்சே வேண்டாம், நழுவினால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது: தேவலை, ஆனால் காலி வண்டி தவளையாகக் குதிக்கும், டயருக்குப் பிடிமானம் குறையும்.

வண்டி நிமிர்ந்ததும் ஓனருக்குத் தெம்பு வந்துடும். "இன்னும் நாலு பேர் ஏறுங்கம்மா!" பட்டைதான் கூடியதே தவிர, பிரேக் கூடவில்லை. உயரம் கூடினால் வளைவில் சாயும் பயமும் கூடும். கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் வேறு சொல்கிறது. மலையில் அதை யார் கேட்கிறார்கள்?

கம்பெனி அளவிலேயே புது செட் மாட்டுங்கண்ணே. செலவு கொஞ்சம் கூடத்தான். பின்னாடி உட்கார்ந்திருக்கிற அக்காமார் சாயங்காலம் வீட்டுக்குப் போய் உலை வைக்கணுமில்லே?