அபோபிஸ் விழாது

2029-ல் அபோபிஸ் என்ற சிறுகோள் பூமியில் விழும், விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள் என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. கொல்லயில், பாறசாலைப் பக்கமும் அதற்குத் தப்பவில்லை. குழந்தைகள் அதை நம்பிப் பயப்படுவதால்தான் இதை எழுதுகிறேன்.

‘இஸ்ரோ தலைவரே எச்சரித்தார்’ என்கிறார்கள். 2024-ல் தலைவராக இருந்த சோமநாத், சிறுகோள் ஆபத்துகளுக்கு இந்தியாவும் தயாராக வேண்டும் என்றுதான் பேசினார். 2029-ல் விழும் என்று அவர் சொல்லவில்லை.

‘முதலில் மோதும் என்றார்கள், பிறகு பேச்சை மாற்றினார்கள்.’ இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 2004 ஜூனில் அரிசோனாவின் கிட் பீக் வானாய்வகத்தில் அபோபிஸைக் கண்டுபிடித்தார்கள். டிசம்பர் 27 அன்று மோதல் வாய்ப்பு 2.7 சதவீதத்தைத் தொட்டது. சுனாமிக்கு மறுநாள் அது. குளச்சல் கரையில் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் செய்தி இங்கே யார் காதிலும் விழுந்திருக்காது. அன்றைக்கே, மார்ச் மாதம் எடுத்த பழைய படங்களில் அது மங்கலாகப் பதிந்திருந்தது தெரியவந்தது. 2029 மோதல் கணக்கிலிருந்தே நீங்கியது.

எண் ஏன் ஏறி இறங்கியது? சில வாரப் பார்வையை வைத்துப் பல ஆண்டுக்கு அப்பால் பாதையைக் கணித்தால் அது ஒற்றைக் கோடாக நிற்காது, நீண்ட பட்டையாக விரியும். தரவு கூடக்கூடப் பட்டை சுருங்கும். பொழியூர்க் கடற்கரையில் கரமடி வலை குறுகக்குறுக உள்ளிருக்கும் மீன் நெருக்கமாகத் தெரிவதுபோல, பட்டைக்குள் இருக்கும்வரை பூமியின் பங்கும் ஏறிக்கொண்டே போகும். பட்டையின் விளிம்பு பூமியைத் தாண்டியதும் வாய்ப்பு சரிந்துவிடும். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளின் கதையும் இதுதான். 2025 பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை ஏறியது, மாதம் முடிவதற்குள் ஒன்றுமில்லாமல் போனது.

‘இவ்வளவு கிட்டே வந்தால் பூமி இழுத்துவிடாதா?’ நியாயமான கேள்வி. நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை 3.16 மணியளவில், சித்திரைக் கணி காண வீடுகள் எழுவதற்குச் சற்று முன், தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. தொலைவில் அது கடந்துபோகும். நம் டிவி செயற்கைக்கோள்கள் இருப்பதே அதைவிட உயரத்தில். ஆனால் நொடிக்கு 7 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் போவதை ஈர்ப்பு வளைக்கும், பிடித்துவைக்காது. இப்போது 324 நாளில் சூரியனைச் சுற்றும் அபோபிஸ், அதன்பின் ஏறக்குறைய 14 மாதம் எடுத்துக்கொள்ளும். இந்த மாற்றத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2021 மார்ச் மாத ரேடார் அளவீடுகளுக்குப் பிறகு, குறைந்தது 100 ஆண்டுக்கு மோதல் இல்லை என்று நாசா அறிவித்தது.

மறைப்பதா? வானம் எந்த அரசின் பூட்டுக்குள்ளும் இல்லை. அவதானிப்புகள் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன, இத்தாலியில் உள்ளவர்கள் நாசாவைக் கேட்காமல் தனியாகவே கணக்கிடுகிறார்கள்.

‘வந்தால் ஒன்றும் செய்ய முடியாது’ என்பதும் பொய். 2022-ல் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்தது.

கவலைப்பட வேண்டியது கண்ணில் படாதவற்றைப் பற்றி. 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்த சுமார் 20 மீட்டர் கல் சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. முன்கூட்டி யாரும் பார்க்கவில்லை. உடைந்த கண்ணாடியால்தான் பெரும்பாலோர் காயப்பட்டார்கள். இப்படிச் சிறுகோள்களைத் தேடும் வேலை நமக்குப் புதிதல்ல. காவலூர் வானாய்வகத்தில் கல்கி என்ற பெயரில் நடந்த தேடலில்தான் 1988-ல் வானியலாளர் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார், அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். அந்த வேலைக்கு இன்னும் தொலைநோக்கியும் ஆளும் கேளுங்கள்.