‘கம்ப்யூட்டர் போச்சு’ என்று சொன்னால்...

சென்ற இதழில் கார் பேட்டரியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஐயா, பட்டறைக்குப் போனால் ‘கம்ப்யூட்டர் போச்சு’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது உண்மையிலேயே போய்விட்டதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்வி. அந்த இரண்டு சொல்லின் விலை பல நூறு வெள்ளி. சில வண்டிகளுக்கு ஆயிரத்தையும் தாண்டும்.

முதலில் அந்தக் கம்ப்யூட்டர் எது என்று பார்ப்போம். 1985இல் நம் நாட்டில் முதல் சாகா கார் வந்தபோது அதில் கார்புரேட்டர்தான் இருந்தது. காற்றையும் பெட்ரோலையும் அதுவே கலந்து அனுப்பும். போர்மன் ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு காதால் கேட்டே சரிசெய்துவிடுவார். 1967லேயே வோக்ஸ்வாகன் 1600 காரில், பெட்ரோல் அளவை மின்னணுப் பெட்டி கணக்கிடும் முறை வந்துவிட்டது. 1979இல் பிஎம்டபிள்யூ காரில் பெட்ரோல், தீப்பொறி ஆகிய இரண்டையும் ஒரே பெட்டி பார்த்துக்கொண்டது. இன்று நம் தாமான்களில் நிற்கும் கார்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான். ஒரு புத்தகம் அளவுள்ள தகரப் பெட்டி. சில வண்டிகளில் முன் இருக்கைக்காரரின் கால் பக்கம் இருக்கும். சிலவற்றில் என்ஜின் அறைக்குள் இருக்கும்.

இந்தப் பெட்டி தானாக எதையும் அறியாது. என்ஜின் சுற்றுவதை ஒரு சென்சர் சொல்லும். தண்ணீரின் சூட்டை இன்னொன்று சொல்லும். எண்ணெய் மிதியை எவ்வளவு மிதித்தோம் என்பதை வேறொன்று சொல்லும். வந்த செய்தியை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. தப்பான செய்தி வந்தால் தப்பான கணக்கு. மின்சாரமே வராவிட்டால் கணக்கே இல்லை.

என் வகுப்பில் சில பிள்ளைகள் காலையில் எதைக் கேட்டாலும் விழிப்பார்கள். ‘மந்தமான பிள்ளை’ என்று எழுதிவிடுவது சுலபம். நான் முதலில் கேட்பது, “பசியாறினாயா?” என்றுதான். பிறகு, கரும்பலகை தெரிகிறதா, நான் பேசுவது கேட்கிறதா என்று பார்ப்பேன். மூளையைக் குறை சொல்வது கடைசியில்தான். காருக்கும் இதே வரிசையைத்தான் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேன்காரர் ஒருவருக்கு நடந்ததைக் கேளுங்கள். ஒரு திங்கட்கிழமை வேன் கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. ஒரு பட்டறையில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, ‘பதிலே வரவில்லை, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு’ என்று சொல்லி முன்பணமும் கேட்டார்கள். வேன் ஓடாத நாளுக்கு வருமானம் இல்லை. அதைவிட, தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வர வேறு வழியும் இல்லை. மனிதர் முகம் வெளுத்துப் போய் வந்து நின்றார்.

அவருடைய மைத்துனர் இன்னொரு பட்டறையில் வேலை செய்பவர். ஒரு மல்டிமீட்டரோடு வந்தார். பேட்டரியில் 12.5 வோல்ட், குறையில்லை. பியூஸ்கள் சரி. பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலேயும் வேலை செய்தது. பிறகு பெட்டியின் எர்த் கம்பிக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரை வைத்துச் சாவியைப் போட்டார். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டியதோ 3 வோல்ட்டுக்கு மேல்! கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால், என்ஜினில் முடுக்கியிருந்த போல்ட்டில் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கி முடுக்கினார். வேன் கிளம்பிவிட்டது. பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. அது பசியாறாமல் இருந்தது, அவ்வளவுதான்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. என்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை, ஸ்கேனருக்கும் பதில் இல்லை என்றால், பெட்டிக்கு மின்சாரமும் எர்த்தும் போகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. விளக்கு எரிகிறது, ஸ்கேனரும் பேசுகிறது என்றால் பெட்டி உயிரோடு இருக்கிறது. அது என்ன எண் சொல்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பி-0335 என்றால் என்ஜின் சுற்றுவதைச் சொல்லும் சென்சர் வழியில் கோளாறு. சூடு ஏறியதும் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டிகள் பலவற்றில் குற்றவாளி அந்தச் சின்னச் சென்சர்தான். பழி விழுவது பெட்டியின் மேல். பி-0606 என்றால் பெட்டி தன் உள்ளேயே கோளாறு என்று தானே சொல்கிறது. அப்போதும் மின்சாரத்தைச் சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

இன்னொன்று. பல சென்சர்களுக்குப் பெட்டியிலிருந்து 5 வோல்ட் போகும். அது வரவில்லை என்றதும் சிலர் பெட்டியைக் கழற்றிவிடுகிறார்கள். ஒரே ஒரு சென்சர் ஷார்ட் ஆகியிருந்தாலும் அந்த 5 வோல்ட் விழுந்துவிடும். சென்சர்களின் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் கெட்டது.

சரி, பெட்டி உண்மையாகவே கெடாதா? கெடும். தண்ணீர் இறங்கி உள்ளே துருப்பிடிக்கும். 1980, 90களின் சில பெட்டிகளில் மின்தேக்கிகள் கசிந்து தகட்டை அரிக்கும். மூடியைத் திறந்தால் மீன் வாடை அடிப்பதும் உண்டு. இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகி, அதை இயக்கும் பாகத்தைப் பெட்டிக்குள் எரித்துவிடுவதும் உண்டு. இந்த மூன்றாவதில்தான் ஆபத்து. காயிலை மாற்றாமல் புதுப்பெட்டியை மட்டும் மாட்டினால் அதுவும் எரியும். ‘எதற்கும் ஒரு நல்ல பெட்டியை மாட்டிப் பார்ப்போம்’ என்று இரவல் வாங்கி மாட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பெட்டியின் மேல் ஒட்டியுள்ள பாக எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரே மாடல் கார்தான். ஆனாலும் ஆட்டோ கியருக்கு ஒரு பெட்டி, மேனுவல் கியருக்கு வேறு பெட்டி. அதைவிட முக்கியம் சாவி. சாவிக்குள் சில்லு உள்ள வண்டியில் பெட்டி அந்தச் சாவியை அடையாளம் வைத்திருக்கும். பழைய சாமான் கடையில் வாங்கிய பெட்டிக்கு உங்கள் சாவி அந்நியன். வண்டி கிளம்பாது, அல்லது கிளம்பி ஓரிரு நொடியில் நின்றுவிடும். பெட்டியும் சாவியும் பழகும்படி எழுதித் தருவார்களா, அந்தக் கூலி விலையில் சேர்ந்ததா என்று பணம் கொடுக்குமுன் கேளுங்கள். உங்கள் பெட்டியையே பழுதுபார்க்க முடிந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. கழற்றுமுன் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை எடுத்துவிட வேண்டும். பிளக்கின் ஊசிகளைக் கையால் தொடக் கூடாது.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் வடிந்ததும் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்புவது மனித சுபாவம். தயவுசெய்து திருப்பாதீர்கள். நனைந்த பெட்டியில் மின்சாரம் பாய்ந்தால், காயவைத்துப் பிழைக்கக்கூடியதும் எரிந்துபோகும். பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.

கேள்வி கேட்ட சகோதரிக்குக் கடைசியாக ஒன்று. பட்டறையில், ‘பெட்டிக்கு வரும் மின்சாரத்தையும் எர்த்தையும் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா, எத்தனை வோல்ட் காட்டியது?’ என்று கேளுங்கள். பார்த்தவர் எண்ணைச் சொல்வார். மாற்றினால் பழைய பெட்டியைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். அதில்தான் உங்கள் வண்டியின் எண்ணும் சாவியின் அடையாளமும் இருக்கின்றன.

அடுத்த இதழில் ரேடியேட்டர்.