கோப்பைத் திறந்து பார்!

(மூன்றாமாண்டு, கணிப்பொறி அறிவியல்)

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பர் பெரியோர். நாம் பயிலும் தரவுத்தளப் பாடமும் அத்தகைய சுரைக்காய்தானோ என்று ஐயுற்றவர்களில் நானும் ஒருவன். அந்த ஐயத்தைப் போக்கியது என் தந்தையாரின் மளிகைக் கடை.

கடையின் கடன் கணக்கு சில ஆண்டுகளாகக் கணிப்பொறியில்தான் இருந்து வந்தது. ஒருநாள் அந்தக் கணக்கு மென்பொருளின் உரிமக் காலம் முடிந்தது. திரை திறக்க மறுத்தது. விற்றவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. முன்பு திரையைப் பார்த்துத் தாளில் எழுதி வைத்த பாக்கிப் பட்டியல் ஒன்றே தந்தையார் கையில் மிஞ்சியது. அதில் இட்லிக்கடை அக்காவின் பெயருக்கு நேரே 1,450 ரூபாய் என்று இருந்தது.

“தீபாவளிக்கு முந்தின நாளே அறுநூறு குடுத்தேனே அண்ணாச்சி, கணக்குல ஏத்தலியா?” என்றார் அக்கா.

“திரையில இருந்ததைத்தாம்மா எழுதினேன்” என்றார் தந்தையார்.

இருவருமே பொய் சொல்பவர்கள் அல்லர். பத்தாண்டுப் பழக்கம் அறுநூறு ரூபாயில் முறிந்துவிடுமோ என்று அஞ்சினேன்.

அன்றிரவு கணிப்பொறியைத் துழாவியபோது அந்த மென்பொருளின் தரவுக் கோப்பு கிடைத்தது. சாதாரணமாகத் திறந்தால் புரியாத குறிகள். ஆயினும் தொடக்கத்திலேயே ‘எஸ்க்யூலைட் ஃபார்மட் 3’ என்ற சொற்கள் தெரிந்தன. அவ்வகைக் கோப்புகளின் முதல் 16 பைட்டுகள் இந்த முத்திரைக்கே உரியவை.

எஸ்க்யூலைட்டை 2000-ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ரிச்சர்ட் ஹிப் என்னும் அமெரிக்கர். போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருட் பணியில் எழுந்த தேவையே அதற்கு வித்து. தனிச் சர்வர் வேண்டாம். தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். நம் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியிலும் அது இருக்கிறது. அதைப் பயன்படுத்த எவரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

முதலில் கோப்பை நகலெடுத்தேன். அந்த நகலை, படிக்க மட்டும் இசையும் ‘ரீட்ஒன்லி’ குறிப்புடன், எஸ்க்யூலைட்டின் கட்டளைவரிக் கருவியில் திறந்தேன். முன்னே ஒரு புள்ளியிட்டு ‘டேபிள்ஸ்’ என்றதும் அட்டவணைகளின் பெயர்கள் வந்தன. அவ்வாறே ‘ஸ்கீமா’ என்றதும் ஒவ்வொன்றின் அமைப்பும் விரிந்தது. பின்பு, வகுப்பில் நாம் எழுதி எழுதிக் கை சலித்த அதே ‘செலக்ட்’! வரியின் முடிவில் அரைப்புள்ளி இட மறந்து, விடை வராமல் சற்று நேரம் விழித்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

விடை வந்தது. வாடிக்கையாளர் அட்டவணையில் ஒரே பெயரில் இருவர்: எண் 14, எண் 41. இட்லிக்கடை அக்கா 14. தீபாவளிக்கு முந்தின நாள் வரவான 600 ரூபாயோ 41-இல் ஏறியிருந்தது! அந்த 41-க்கு உரியவர் ஊரை விட்டுப் போய் ஓராண்டுக்கு மேலாகிறது. மறுநாள் காலை கடை திறக்குமுன் தந்தையார் அக்காவின் வீட்டு வாசலில் நின்றார். “தப்பு என்னோடதும்மா” என்றார்.

நண்பர்களே, எண்ணிப் பாருங்கள்! திரை என்பது பிறர் நமக்கு வைத்துத் தந்த சாளரம். அவர்கள் காட்ட நினைத்ததைத்தான் அது காட்டும். அவர்கள் சாத்தினால் சாத்திக்கொள்ளும். நம் வரவும் செலவும், நம் மதிப்பெண்ணும் உறைவது கோப்பில். அதைத் திறக்கத் தெரியாதவன், தன் வீட்டுச் சாவியை அயலானிடம் கொடுத்தவனே ஆவான்.

‘பிறர் கோப்பை எட்டிப் பார்க்கும் தீய பழக்கத்தை இது வளர்க்காதா?’ என்று விரிவுரையாளர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் கோப்பைப் பார்ப்பது உரிமை. அனுமதியின்றிப் பிறர் கோப்பைத் திறப்பது களவு. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அறியாமை ஒருபோதும் காவலாகாது. எஸ்க்யூலைட்டில் ஒரு பதிவை அழித்தாலும், அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை அதன் எச்சம் கோப்பிலேயே கிடக்கக்கூடும். இதை அறிந்தவன்தான் நாளை பிறர் கணக்கைக் கையாளும்போது பொறுப்போடு கையாள்வான்.

ஆகவே ஒன்று வேண்டுகிறேன். ஆய்வகத்தில் ஒருநாள், ஒரு விளக்கமும் தராமல், மாதிரிக் கோப்பு ஒன்றை ஒவ்வொருவரிடமும் கொடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாங்களே கண்டு சொல்கிறோம். ஒரு மணி நேரம் போதும்.

ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும். நறுக்கத்தான் நாம் பழக வேண்டும்.