எல்லைத் தமிழ் மாணவர்கள் பயனாளர்கள் மட்டும்தானா?

"கட்டற்ற மென்பொருளின் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, ஆர்வமுள்ளவர் தாமே வந்து சேர்வார்" என்று வாதிடுவோர் நமது அணிகளிலும் உள்ளனர். கேட்பதற்கு ஜனநாயகமாக ஒலிக்கும் இவ்வாதம், முதலாளித்துவச் சட்டம் வாயளவில் வழங்கும் சமத்துவத்தையே ஒத்தது. நட்சத்திர விடுதியின் கதவும் சட்டப்படி எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது. மூணாறு எஸ்டேட் லயத்திலிருந்து எத்தனை பேர் அதற்குள் நுழைந்திருக்கிறார்கள்?

கேரளத்தின் சாதனையை யாரும் மறுக்க முடியாது. 2001இல் பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, ஒற்றைப் பன்னாட்டு நிறுவனத்தின் மென்பொருளையே பாடமாக்கும் போக்கை ஆசிரியர் இயக்கம் எதிர்த்துப் போராடியது. 2006இல் அமைந்த இடது ஜனநாயக முன்னணி அரசு கட்டற்ற மென்பொருளைக் கொள்கையாகவே ஏற்றது. இன்று கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் தமிழ்வழியில் பயிலும் மாணவரும் லினக்ஸ் கணினியில்தான் கற்கின்றனர். லிப்ரே ஆபீசும் கிம்ப்பும் அவர்களுக்குப் பழகிய பெயர்கள். உரிமக் கட்டணமாக வெளியே போயிருக்கக்கூடிய பெருந்தொகை மாநிலத்திலேயே தங்கியது.

ஆயின் இது பாதி வெற்றியே. இயக்குவது, ஆராய்வது, பகிர்வது, திருத்தி மேம்படுத்தி வெளியிடுவது என்னும் நான்கு உரிமைகளின் பெயரே கட்டற்ற மென்பொருள். முதல் உரிமையோடு நின்றுவிட்டால், விலை கொடாத நுகர்வோர் என்பதற்கு மேல் அந்த மாணவருக்கு வேறு தகுதி கிட்டாது. நான்காம் உரிமையை அவர் பயன்படுத்த வேண்டுமானால் யாரேனும் ஒருவர் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். அந்த ஒருவர் யார்?

சந்தையும் புதியவர்களை அழைக்கத்தான் செய்கிறது. 2020 அக்டோபரில், நான்கு திருத்தங்களை அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்று அமெரிக்க நிறுவனம் ஒன்று நடத்திய விழாவில், படித்தறியாத நிரல்களுக்குப் பொருளற்ற திருத்தங்கள் மலைபோல் குவிந்தன. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்னும் புகழ்பெற்ற மென்பொருளின் அறிமுகக் கோப்பில் தத்தம் பெயரைச் சேர்க்கக் கோரி இந்திய மாணவர்கள் நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் அனுப்பினர். பயிற்சிக் காணொளி ஒன்றைப் பார்த்து அதை அப்படியே செய்தவர்கள் அவர்கள். உடனே உலகெங்கும் ஏளனம் கிளம்பியது. வேலையில்லாப் பட்டாளத்தில் நிற்கும் இளைஞனிடம், கிட்ஹப்பில் உன் பெயர் இருந்தால் வேலை கிடைக்கும் என்று ஆசை காட்டியது யார் என்று ஏளனம் செய்தோர் கேட்கவில்லை. அந்த கிட்ஹப்பே 2018இல் 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்டின் உடைமையாகிவிட்ட களம் என்பதும் அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. அதற்கு வெளிநாட்டில் சான்று தேட வேண்டியதில்லை. 2002இல் தோன்றிய சுதந்திர மலையாளக் கணிமை அமைப்பு, மொழிபெயர்ப்பையும் எழுத்துருவையும் முன்னிறுத்தி வளர்ந்தது. அவ்வமைப்பு பேணிவரும் ரச்சனா எழுத்துருவுக்கு வழிகாட்டிய ஆர். சித்ரஜகுமார் மொழி அறிஞர், நிரலாளர் அல்லர். மீரா இனிமை என்னும் கட்டற்ற தமிழ் எழுத்துருவை உலகுக்கு அளித்ததும் இதே மலையாள அமைப்புதான். எல்லைத் தமிழர்கள் இதை அறிந்திருக்கிறார்களா என்பது வேறு கேள்வி!

நிரல் எழுதத் தெரிந்தால்தான் பங்களிக்க முடியும் என்பது படித்த நடுத்தர வர்க்கம் பரப்பிய மூடநம்பிக்கை. 'கொ' என்று தட்டச்சிட்டால் ஒற்றைக்கொம்பு இடம் மாறி, புள்ளி வட்டத்தோடு தனியே தொங்குகிறது என்று வண்டிப்பெரியாற்றின் ஏழாம் வகுப்பு மாணவி கண்டு சொன்னால், அது முழுமையான வழு அறிக்கை. கலிபோர்னியாவில் அமர்ந்திருக்கும் பொறியாளரின் கண்ணுக்கு அது படாது. பட்டியலில் உள்ள ஒரு சொல்லுக்கு வகுப்பறையில் எவருக்கும் விளங்காத தமிழாக்கம் நிற்கிறதென்றால், அதை மாற்றப் பரிந்துரைப்பதும் பங்களிப்பே. ஃபயர்பாக்சும் லிப்ரே ஆபீசும் மொழிபெயர்ப்புக்கெனத் தனி இணையக் களங்களையே வைத்துள்ளன. உலாவி இயக்கத் தெரிந்தவர் அங்கே பணியாற்றலாம்.

கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதும் உரிமையை வழங்குகிறது. நில வரியைப் பற்றித் தமிழில் மனு எழுதலாம். பள்ளிக் கணினியின் குறையைத் தமிழில் எழுதினால் அதைப் பெற்று, ஆங்கிலமாக்கி, உரிய இடத்தில் சேர்த்து, விடை வந்ததும் அந்தக் குழந்தைக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு வேண்டாமா? முதல் கடிதத்துக்கு விடையே வராதவர் இரண்டாவது கடிதம் எழுதுவதில்லை. கடுஞ்சொல் விடையாக வந்தாலோ, அவர் எழுதுவதையே நிறுத்திவிடுகிறார். லினக்சின் தலைமை நிரலாளர் லினஸ் டொர்வால்ட்சே தமது கடுஞ்சொற்களுக்காக 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் பொறுப்பிலிருந்து விலகி நிற்க நேர்ந்தது.

"கூலியும் வீடும் பட்டாவும் தீராதிருக்க, இது எதற்கு?" எனச் சில தோழர்கள் கேட்கின்றனர். கூலிப் போராட்டத்தை ஒத்திவைக்கும்படி யாரும் சொல்லவில்லை. எழுத்தறிவு இயக்கம் நடந்த நாட்களிலும் இதே கேள்வி எழுந்தது. அன்று அதைப் பொருட்படுத்தியிருந்தால் எஸ்டேட் குழந்தைகள் இன்று படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வட்டவடையில் தோழர் அபிமன்யுவின் நினைவாக எழுந்த நூலகம் இருக்கிறது. 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் படுகொலை செய்யப்பட்ட அம்மாணவரின் ஊரில், மாதம் ஒரு ஞாயிறு தமிழாக்க அமர்வு நடத்த ஒரு கணினியும் இணைப்பும் பொறுமையுள்ள இரு தோழர்களும் போதும். சித்தூர் வட்டத்து வாசக சாலைகளிலும் இது இயலும். லிட்டில் கைட்ஸ் மாணவர் மன்றங்களின் பயிற்சியில் மலையாளக் கணிமை ஒரு பகுதி; தமிழ்வழிப் பள்ளிகளில் அந்த இடத்தில் தமிழ்க் கணிமை கற்பிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை ஆசிரியர் அமைப்பும் மாணவர் அமைப்பும் கைட் நிறுவனத்திடம் வைக்க வேண்டும். வழு அறிக்கைகளைத் தமிழில் பெற்றுக்கொள்ள ஒரு பொறுப்பாளர் இடுக்கிக்கும் ஒருவர் பாலக்காட்டுக்கும் நியமிக்கப்பட வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை.