எச்சரிக்கை மட்டும் போதுமா?

2024-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பல மாதங்களுக்கு, யாரைக் கைப்பேசியில் அழைத்தாலும் மணியோசைக்கு முன்பாக இணையவழிக் குற்றங்கள் குறித்த எச்சரிக்கைக் குரல் ஒலித்தது பலருக்கும் நினைவிருக்கும். அதற்குச் சற்று முன்பு, 2024 அக்டோபர் 27 அன்று ஒலிபரப்பான 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பிரதமரே 'டிஜிட்டல் கைது' மோசடி குறித்துப் பேசி, சட்டத்தில் அப்படியொரு நடைமுறையே இல்லை என்று விளக்கினார். வங்கிகளின் குறுஞ்செய்திகளும் காவல் துறையின் சுவரொட்டிகளும் கூறுவது ஒன்றுதான்: 'விழிப்போடு இருங்கள்'.

நாடாளுமன்றத்தில் மத்திய அரசு அளித்த தகவலின்படி, இணையவழி நிதி மோசடிகளால் 2023-இல் மக்கள் இழந்த தொகை ரூ.7,465 கோடி; 2024-இல் அது ரூ.22,845 கோடி. டிஜிட்டல் கைதும் அது சார்ந்த குற்றங்களும் தொடர்பாக மட்டும் 2024-இல் 1,23,672 புகார்கள் பதிவாகி, ரூ.1,935 கோடி பறிபோயிருக்கிறது. இந்த இழப்பின் பெரும்பகுதி எச்சரிக்கைக் குரல் ஒலிக்கத் தொடங்குவதற்கு முந்தையது. எனவே, எச்சரிக்கை பயனற்றது என்று இந்தப் புள்ளிவிவரத்தைக் கொண்டு தீர்ப்பு எழுத முடியாது. ஆனால், ஓராண்டில் மூன்று மடங்காகப் பெருகிய இழப்பைத் தடுக்கும் பொறுப்பை நாம் யாரிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்ற கேள்வி எழாமல் இருக்க முடியாது.

அந்தப் பொறுப்பு இன்று வீட்டில் அமர்ந்து இணையத்தைப் பயன்படுத்தும் தனிமனிதரிடம் இருக்கிறது. ஓய்வூதியத்தைக் கைப்பேசியில் சரிபார்க்கும் முதியவர், மின்கட்டணம் செலுத்தும் இல்லத்தரசி, இணையவழியில் பாடம் படிக்கும் மாணவர் ஆகியோர்தான், பல நாடுகளில் கிளை பரப்பிய குற்றக் கும்பல்களைத் தனித்து எதிர்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பேருந்தில் ஏறும் பயணியிடம் பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள் என்று எவரும் சொல்வதில்லை. வாகனத்துக்குத் தகுதிச் சான்று வாங்க வேண்டியது உரிமையாளரின் கடமை.

விபத்தைக் குறைந்த செலவில் தவிர்க்கக் கூடியவர் எவரோ, அவரிடமே இழப்பின் பொறுப்பை வைக்க வேண்டும் என்பது சட்டப் பொருளாதாரத்தின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று. அமெரிக்கச் சட்ட அறிஞர் கைடோ கலப்ரேசி 1970-இல் வெளியிட்ட விபத்துச் செலவுகள் குறித்த நூலில் இதை விரிவாக விளக்கினார். இந்த அளவுகோலை நம் வீட்டு இணையத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் கருவிகள். 2016 அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்ளிட்ட பெரும் தளங்கள் பல மணி நேரம் முடங்கின. அவற்றின் முகவரிச் சேவையை அளித்த 'டின்' நிறுவனத்தைத் தாக்கியவை, 'மிராய்' என்ற தீநிரல் கைப்பற்றியிருந்த வீட்டு கண்காணிப்பு கேமராக்கள், ரௌட்டர்கள் போன்ற எளிய கருவிகள். தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு, வாங்கியவர்கள் மாற்றாமல் விட்ட சுமார் 60 பயனர்பெயர்–கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்ததே அந்நிரலின் உத்தி. இதில் கேமராவின் உரிமையாளருக்கு எந்த இழப்பும் தெரியவில்லை. இழப்பு முழுவதும் வேறு எவருக்கோ. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதைப் போன்றது இது. தனிமனித விழிப்புணர்வால் மட்டும் இதைச் சரிசெய்ய இயலாது, விதி வேண்டும்.

கலிஃபோர்னியா மாநிலம் 2020 ஜனவரியிலும், பிரிட்டன் 2024 ஏப்ரல் 29-இலும் அத்தகைய விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. எளிதில் ஊகிக்கக் கூடிய பொதுவான கடவுச்சொல்லுடன் இணையக் கருவிகளை விற்கக் கூடாது, பாதுகாப்பு மேம்படுத்தல்கள் எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பதை வாங்குபவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்கிறது பிரிட்டன் சட்டம். கோடிக்கணக்கான வீடுகள் ஒவ்வொன்றும் செய்ய வேண்டியதை உற்பத்தியாளர் ஒருவரே ஆலையில் செய்துவிடுகிறார். இந்தியாவிலும் 2025 ஏப்ரல் முதல் கண்காணிப்பு கேமராக்களுக்குப் பாதுகாப்புப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. வீட்டில் இணையத்தோடு இணையும் எல்லாக் கருவிகளுக்கும் அது விரிவடைய வேண்டும்.

அடுத்து பணம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினிப் பாதுகாப்புப் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன், 2001-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு விந்தையைச் சுட்டிக்காட்டினார். ஏடிஎம் பரிவர்த்தனை தம்முடையதல்ல என்று வாடிக்கையாளர் மறுத்தால், அமெரிக்காவில் வங்கிதான் அதற்கு மாறாக நிரூபிக்க வேண்டும். இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பிரிட்டனிலோ அன்று வாடிக்கையாளரின் புகார் எளிதில் தள்ளப்பட்டது. எனில் எந்த நாட்டு வங்கிகள் பாதுகாப்புக்குக் குறைவாகச் செலவிட்டிருக்கும்? பிரிட்டன் என்றுதான் ஊகிப்போம். உண்மையில், அமெரிக்க வங்கிகளே குறைவாகச் செலவிட்டு, அதைப் பயனுள்ள வகையில் செலவிட்டன. புகார்கள் எடுபடாது என்று தெரிந்த பிரிட்டன் வங்கி ஊழியர்கள் அலட்சியமானார்கள், மோசடிகள் பெருகின.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கை இவ்வகையில் முற்போக்கானது. வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிவர்த்தனையில் வங்கியின் தவறு இருந்தாலோ, இரு தரப்பின் தவறும் இல்லாத நிலையில் மூன்று வேலை நாள்களுக்குள் புகாரளித்தாலோ, வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. அவர் மீதான பொறுப்பை நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையது. ஆனால், கடவுச்சொல்லைப் பகிர்ந்தது போன்ற கவனக்குறைவு இருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது. மிரட்டலுக்கு அஞ்சி அவரே பணத்தை அனுப்பியிருந்தால் அது 'அனுமதியற்ற' பரிவர்த்தனை என்ற வரையறைக்குள்ளேயே வராது. இன்றைய மோசடிகளின் இயல்போ மாறிவிட்டது. அவை பூட்டை உடைப்பதில்லை. வீட்டுக்காரரையே கதவைத் திறக்கச் செய்கின்றன.

அப்படிப் பறிக்கப்படும் பணம் பெரும்பாலும் ஒரு வங்கிக் கணக்கில்தான் முதலில் போய்ச் சேருகிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு வாடகைக்கு விடப்பட்ட கணக்கு அது. மாதம் சில ஆயிரம் மட்டுமே புழங்கிய கணக்கில் திடீரென லட்சக்கணக்கில் பணம் வந்து நிமிடங்களில் வெளியேறுவதைக் காணக் கூடியது அந்த வங்கி மட்டுமே. பணத்தை அனுப்பிய முதியவரால் அதை அறியவே முடியாது. இத்தகைய கணக்குகளைக் கண்டறிய ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் 'மியூல்ஹன்டர்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியிருக்கிறது. டிஜிட்டல் கைது வழக்குகளை சிபிஐ விசாரிக்க 2025 டிசம்பர் 1-இல் உத்தரவிட்ட உச்சநீதிமன்றம், இத்தகைய கணக்குகளைத் திறந்ததில் வங்கி அலுவலர்களின் பங்கையும் விசாரிக்க வழிவகுத்தது. தொழில்நுட்பம் இருக்கிறது, அதை முனைப்போடு பயன்படுத்தும் ஊக்கம்தான் வேண்டும். இழப்பில் பங்கேற்க நேர்ந்தால் அந்த ஊக்கம் தானே வரும்.

ஆண்டர்சன் குறைகூறிய அதே பிரிட்டன் இப்போது அந்தப் பாதைக்கு வந்துவிட்டது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு உள்நாட்டுக் கணக்குக்குத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கும் 85,000 பவுண்ட் வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சுமையைச் சரிபாதியாகப் பகிர்கின்றன. அப்படியானால் மக்கள் அலட்சியமாகிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. அதனால்தான் முதல் 100 பவுண்டை வாடிக்கையாளரே ஏற்கச் செய்யவும், மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால் மறுக்கவும் அங்கு இடமுண்டு. முதியோர், நோயுற்றோர் போன்ற நலிந்த நிலையில் உள்ளவர்களுக்கு இவ்விரண்டிலும் விலக்கு உண்டு.

மூன்றாவது, அந்தரங்கம். மோசடிக்காரரின் குரல் நம்பகமாக ஒலிப்பதற்குக் காரணம், நம் பெயர், முகவரி, வங்கி போன்ற விவரங்கள் அவரிடம் முன்பே இருப்பதுதான். அவற்றை வீட்டிலிருந்து எவரும் திருடவில்லை. நாம் நம்பி ஒப்படைத்த ஏதோ ஓர் இடத்திலிருந்து அவை கசிந்திருக்கின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டுகள் கழித்து எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். ஆனால், அந்தத் தொகை அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்லும்; பாதிக்கப்பட்டவருக்கு அல்ல. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோர வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் புதிய சட்டம் வகைசெய்கிறது. இது சீர்செய்யப்பட வேண்டிய குறை.

இவை நிறைவேறும் வரை வீடுகள் காத்திருக்க முடியாது. தனிமனிதர் குறைந்த செலவில் தவிர்க்கக் கூடிய ஆபத்துகளும் உண்டு. அவற்றின் பொறுப்பு நம்முடையதே. ரௌட்டரிலும் கேமராவிலும் ஆலை தந்த கடவுச்சொல்லை மாற்றுவது. கைப்பேசியின் மென்பொருள் தானாகவே புதுப்பிக்கப்படும்படி அமைப்பது. மற்ற கணக்குகளுக்கெல்லாம் திறவுகோலாக இருக்கும் மின்னஞ்சலுக்குத் தனிக் கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வைப்பது. யுபிஐ செயலியைச் சேமிப்பு முழுவதும் உள்ள கணக்கோடு இணைக்காமல் சிறுதொகை உள்ள கணக்கோடு இணைப்பது. நாளொன்றுக்கான பரிமாற்ற வரம்பைக் குறைத்து வைப்பது. பிறர் சொல்கேட்டுத் திரைப் பகிர்வுச் செயலிகளை நிறுவாமலிருப்பது ஆகியவற்றை ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம்.

இவற்றைவிட முக்கியமானது, குடும்பத்தில் ஓர் உடன்பாடு. தொலைபேசியில் பணம் குறித்து எவர் அவசரப்படுத்தினாலும், இணைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டார் ஒருவரிடம் பேசிய பிறகே முடிவெடுப்பது என்பதே அது. யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனைதான் டிஜிட்டல் கைதின் அச்சாணி. பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைப்பது குற்றவாளிக்கே அவகாசம் தரும். அதற்கு, இழந்தவரை வீட்டார் ஏசாமலிருக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதை வீடு செய்யட்டும். ரிசர்வ் வங்கியும் அரசும் தம் பங்கைச் செய்ய வேண்டும். வஞ்சித்துப் பெறப்பட்ட பணப் பரிமாற்றங்களையும் உள்ளடக்கி, இழப்பை இரு வங்கிகளும் பகிரும்படி 2017 சுற்றறிக்கையின் பாதுகாப்பு விரிவாக்கப்பட வேண்டும். தரவு கசிந்ததால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டு உரிமை மீண்டும் கிடைக்க வேண்டும். வாழ்நாள் சேமிப்பை இழந்து நிற்கும் முதியவரிடம் 'ஏன் ஏமாந்தீர்கள்?' என்று கேட்பதற்கு முன்பாக, 'அந்தப் பணம் யாருடைய கணக்குக்குப் போனது? அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது எந்த வங்கி?' என்று கேட்கும் நிர்வாகமே நமக்குத் தேவை.