குரேனியுவின் குடிக்கணக்கு

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீடு வந்த மகன், "லூக்காஸ் எழுதியதில் வரலாற்றுப் பிழை இருக்கிறதே, மற்றதை எப்படி நம்புவது?" என்று கேட்டானாம். விடை கூற இயலாமல் கலங்கிய தாய் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். அம்மா, தங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வியே, அதட்டி அடக்கிவிடாதீர்கள்.

சிக்கல் இதுதான். இயேசு பிறந்தது ஏரோது அரசனின் நாள்களில் என்கிறார் மத்தேயு. ஏரோது இறந்தது கி.மு. 4-இல் என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. (நம் ஆண்டுக் கணக்கை 6-ஆம் நூற்றாண்டில் வகுத்த துறவி தியோனீசியுஸ் சில ஆண்டுகள் தவறிவிட்டதால், கிறிஸ்து "கிறிஸ்துவுக்கு முன்" பிறந்தார் என்று சொல்ல நேர்ந்தது!) லூக்காஸும் ஏரோதின் காலத்திலேயே தம் வரலாற்றைத் தொடங்குகிறார்; ஆனால் சிரியாவில் குரேனியு ஆளுநராயிருந்தபோது எடுத்த குடிக்கணக்கோடு இப்பிறப்பை இணைக்கிறார். யூத வரலாற்றாசிரியர் யோசேப்புஸ் கூற்றுப்படி அக்கணக்கு எடுக்கப்பட்டது கி.பி. 6-இல். ஏரோதின் மகன் அர்க்கெலாவு பதவியிழக்க, யூதேயா உரோமையின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. வரி விதிக்கவே அக்கணக்கு. இடைவெளி ஏறக்குறைய பத்தாண்டு.

இதை அடைக்க முயன்றோர் பலர். குரேனியு இருமுறை ஆளுநராயிருந்தார் என்றனர் சிலர்; அதற்கு உறுதியான சான்றில்லை. ஏரோது இறந்தபோது சிரியாவை ஆண்டவர் வாருஸ். "குரேனியுவுக்கு முந்திய கணக்கு" என்று பொருள்கொள்வது கிரேக்க இலக்கணத்தோடு மல்லுக்கட்டுவதாகும். லூக்காஸ் இங்கே காலத்தை மாற்றிக் குறித்துவிட்டார் என்றே கத்தோலிக்க அறிஞர் ரேமண்ட் பிரவுன் அடிகளார் 1977-இல் எழுதினார். அதுவே நமக்கும் நேர்மையான முடிவாகத் தோன்றுகிறது.

அப்படியாயின் நற்செய்தி பொய்யா? மறைநூலாசிரியர் எவ்வகை இலக்கியமாக எழுதினார் என்பதை ஆராயுமாறு 1943-இலேயே பாப்பிறை 12-ஆம் பத்திநாதர் பணித்தார். நம் மீட்புக்காக இறைவன் எழுதிவைக்க விரும்பிய உண்மையையே மறைநூல் பிழையறக் கற்பிக்கிறது என்றது 1965-இல் வத்திக்கான் சங்கம். லூக்காஸ் அரசாங்கப் பதிவாளர் அல்லர். உலகையே தன் ஏட்டில் எழுதிக்கொள்ள ஆணையிட்ட பேரரசன் ஒருபுறம், தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தை மறுபுறம். இவர்களுள் ஆண்டவர் யார் என்பதே அவர் சொல்ல வந்த செய்தி.

அதற்காக, "எல்லாம் கட்டுக்கதை" என்று மறுகரைக்கு ஓடிவிடலாகாது. விசுவாசப் பிரமாணத்தில் போஞ்சு பிலாத்து என்ற உரோமை அதிகாரியின் பெயரைச் சொல்கிறோமே, எதற்காக? நடந்த ஒன்றை நம்புகிறோம் என்பதற்காகத்தான். மத்தேயுவும் லூக்காஸும் ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல் எழுதினர் என்பர் அறிஞருள் பெரும்பாலோர். எனினும் மரியாள், சூசை, பெத்லகேம், நாசரேத்து என்பவற்றில் இருவரும் ஒத்துரைக்கின்றனர்.

தங்கள் மகன் அப்போஸ்தலர் பணி 5-ஆம் அதிகாரம் 37-ஆம் வசனத்தையும் வாசிக்கட்டும். குடிக்கணக்கு நாள்களில் கலிலேயனான யூதாஸ் கிளர்ச்சி செய்ததை அதே லூக்காஸ் அங்கே குறிப்பிடுகிறார். அங்கிருந்து அடுத்த கேள்வி பிறக்கும். அதையும் எழுதியனுப்பச் சொல்லுங்கள்.