துக்க வீட்டில் பீஸ் பேரம்

சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் அரியலூர் ஜில்லாவின் சாலைகளில் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூரை ஒட்டிச் செல்கிறது. இவ்விரு ஜில்லாக்களிலும் விபத்தில் உழைப்பாளியைப் பறிகொடுத்த குடும்பத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிணத்தை அடக்கம் செய்த ஈரம் காயுமுன்னரே தரகர் ஒருவர் அவ்வீட்டு வாயிலில் வந்து நிற்பதுண்டு. "இப்பொழுது ஒரு காசும் வேண்டாம், நஷ்டஈடு வந்ததும் நூற்றுக்கு இத்தனை கொடுத்தால் போதும்" என்பார். வக்காலத்தில் கைநாட்டு விழுந்துவிடும்.

இவ்வேற்பாடு சட்டவிரோதமானது என்பதை நம் ஜனங்கள் அறிய வேண்டும். வழக்கின் முடிவைப் பொறுத்து பீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடுக்கின்றன. ஆள் விட்டு வழக்குப் பிடிப்பதும் அவ்விதிகளுக்கு விரோதமே. பங்கு பேசுவது தொழில் ஒழுக்கக்கேடு என்று 1954-லேயே சுப்ரீம் கோர்ட்டு கூறியது. தெலுங்கானாவிலிருந்து வந்த வழக்கொன்றில், விபத்தில் கணவனை இழந்த மாது முன்பே பத்து லட்சம் ரூபாய் கொடுத்திருந்தும், மேலும் மூன்று லட்சத்துக்குச் செக்கு வாங்கப்பட்டிருந்தது. சதவிகிதக் கணக்கில் கேட்கும் பீஸுக்காக அவர்மீது செக்கு வழக்கு நடத்த முடியாதென்று 2017-ல் அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் இம்முறை அனுமதிக்கப்பட்டுள்ளதே, முன்பணமில்லாத ஏழைக்கு வேறு கதி ஏது என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. வக்கீல் தொழிலைச் சேர்ந்த நாம், வருஷக்கணக்கில் கைச்செலவு செய்து வழக்கு நடத்துவோரின் சிரமத்தை அறியாதவரல்லோம். ஆயினும் நஷ்டஈடு எங்ஙனம் கணக்கிடப்படுகிறதென்பதைப் பாருங்கள். மணமானவர் இறந்து, அவரை நம்பியிருந்தோர் நால்வர் முதல் அறுவர் வரையாயின், அவருடைய வருமானத்தில் நாலில் ஒரு பங்கை அவருடைய சொந்தச் செலவென்று டிரிபியூனல் கழித்துவிடுகிறது. எஞ்சியதையே வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குகிறது. இவ்வாறு கழித்தது போக மிஞ்சியதிலும் மற்றொரு கால் பங்கு வக்கீலுக்குப் போனால், இறந்தவனுடைய சாப்பாட்டு இலையில் இன்னொருவர் உட்கார்ந்ததாகாதா? அது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், விதவையின் அரிசி.

ஏழைக்கு வேறு வழிகள் உண்டு. 1987-ம் வருஷத்து சட்டப்பணிகள் அதிகாரச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், அங்கஹீனர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானத்தைக் கேளாமலே இலவச வக்கீல் கிடைப்பார். ஜில்லாக் கோர்ட்டிலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் போதும். மோட்டார் வாகனச் சட்டப்படி, போலீசார் அனுப்பும் விபத்து அறிக்கையையே டிரிபியூனல் மனுவாகக் கொள்ள வேண்டும். லோக் அதாலத்தில் சமரசம் செய்வோர் ஒன்றை மறக்கலாகாது: அங்கே முடிந்தது முடிந்ததே, அப்பீல் கிடையாது.

சொந்தமாக வக்கீல் வைப்போர் கையெழுத்திடுமுன் பேசிக்கொள்ள வேண்டியவை சில. பீஸ் இன்ன தொகை, எந்தெந்தத் தவணையில், கோர்ட்டுச் செலவும் டாக்டர் சாட்சிக்கான செலவும் அதில் அடங்குமா, அப்பீலுக்குத் தனிப் பீஸா என்பவற்றை எழுதி வாங்குக. கொடுத்ததற்கெல்லாம் ரசீது பெறுக. வெற்றுத்தாளிலோ வெற்றுச் செக்கிலோ கையெழுத்திடற்க. நஷ்டஈடு உரியவரின் பாங்குக் கணக்கிலேயே நேரே சேர வேண்டுமென்று 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு பணித்துள்ளது. ஆகவே பாஸ்புக்கைப் பிறர் கையில் கொடாதீர்கள். பீஸ் பாக்கியென்று வக்கீல் கட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் உரிமையில்லை. 2000-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது அது.

நாணயமாய் உழைக்கும் வக்கீலுக்குத் தக்க கூலி கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கூலி வேறு, பங்கு வேறு. இவ்விரு ஜில்லாக்களின் வக்கீல் சங்கங்கள் தரகரை வாசலிலேயே தடுத்து நிறுத்துவதைத் தங்கள் கௌரவப் பிரச்சினையாகக் கொள்ள வேண்டும். கிராமந்தோறும் பொதுப்பணி செய்யும் நம் தோழர்கள், துக்கம் விசாரிக்கப் போகும் வீட்டில் இச்செய்தியையும் சொல்லி வருவார்களாக. தரகருக்கு முன்னே நாம் அங்கே போய்ச் சேர வேண்டும்.